தெரிந்த ஆள்: பினாங்குத் தமிழரும் பொது நூலகமும்

(ஜார்ஜ் டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலகத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் புத்தகத்தின் பெருமையைப் பேசுவார்கள். அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் பேச வந்தது செய்தியைப் பற்றி. எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது, பிள்ளைக்கு என்ன உதவித்தொகை உண்டு, வேலையில் கை ஒடிந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் என்ன கிடைக்கும், சேமநிதி வாரியத்தில் நியமனதாரர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? ஒரு வீடு ஒழுங்காக நடக்க வேண்டுமானால் இவையெல்லாம் காலத்தோடு வந்து சேர வேண்டும். பினாங்கு மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். இவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ் ஒன்றையே தயக்கமில்லாமல் படிக்கிறவர்களுக்கு, இந்தச் செய்திகள் யார் கை வழியாக வருகின்றன? அந்த வழியில் பொது நூலகம் எங்கே நிற்கிறது?

ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து திருமணப் பதிவு கட்டாயம். அதுவரை நம் வீடுகளில் கல்யாணம் என்றால் கோயிலில், உற்றார் உறவினர் முன்னிலையில் தாலி கட்டுவதுதான். தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டுப் போயிற்று, இதற்கு மேல் ஒரு காகிதம் எதற்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள். சட்டம் மாறியது அரசிதழில் வந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவருக்கு அதை யார் சொன்னார்கள்? சில தோட்டங்களில் தொழிற்சங்கக்காரர் சொன்னார். சில ஊர்களில் கோயில் தலைவர் சொன்னார். பல இடங்களில் யாருமே சொல்லவில்லை.

அதற்கான விலையைக் கொடுத்தது அடுத்த தலைமுறை. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமையை அதிகாரிகள் தாயின் நிலையை வைத்தே பார்க்கிறார்கள். தகப்பன் இந்த நாட்டுக் குடிமகனாக இருந்தும், தாயிடம் எந்த ஆவணமும் இல்லாவிட்டால் பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. பள்ளியில் சேர்க்க அலைச்சல். பன்னிரண்டு வயதில் கூடப் படிக்கும் பிள்ளைகள் மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இது வீட்டில் நிற்கும். வளர்ந்த பிறகு வங்கிக் கணக்கு இல்லை, வாகனமோட்டும் உரிமம் இல்லை, முறையான வேலை இல்லை. ஆவணமற்ற இந்தியர்களைத் தேடிப் பதிவுசெய்ய 2011இல் அரசாங்கமே மைடாஃப்தார் என்ற இயக்கத்தை நடத்த வேண்டி வந்தது. 2017இல் மீண்டும் ஒருமுறை. சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கழித்து! அன்றைக்கே தெளிவான தமிழில், ஒரு பக்கத்தில் சொல்லி, ஒவ்வொரு கோயில் பலகையிலும் ஒட்டியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

நம்மவர் ஒருவர் அரசாங்க அலுவலகத்துக்குப் போகுமுன் முதலில் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: “அங்க தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?” சலுகை தேடும் புத்தி என்று இதைச் சிலர் குறை சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்த ஆள் இல்லாமல் எந்தச் செய்தியும் நம்மை வந்து அடைந்ததில்லை. இருநூறு ஆண்டுப் பாடம் அது.

இந்த ஊரின் வரலாற்றிலேயே இது எழுதியிருக்கிறது. 1816 அக்டோபரில் பாதிரியார் ஹட்சிங்ஸ் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுகிறோம். அடுத்த ஆண்டு, 1817இல், பினாங்கு நூலகம் தோன்றியது. இந்த நாட்டின் மிகப் பழைய நூலகம் அது. ஓராண்டு இடைவெளியில், நடந்து போகும் தூரத்தில், இரண்டு நிறுவனங்கள். ஒன்றில் தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் இடம் இருந்தது. மற்றொன்று சந்தா கட்டும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்குமானது. கப்பலில் மூட்டை சுமந்த தமிழனுக்கும் அந்த நூலகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் தமிழரிடையே செய்தியே இல்லை என்று சொல்ல முடியாது. லெபோ பினாங்கில் வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகளின் முதலாளிகளும் மேலாட்களும் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு அந்தச் சூழல் கண்முன் நிற்கும். ரப்பர் விலை, பர்மா அரிசி நிலவரம், ஊரில் வட்டி எவ்வளவு என்பதெல்லாம் கடிதமாகவும் தந்தியாகவும் அங்கே வந்து, அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த ராஜுலா கப்பலில் அந்தக் கடிதங்கள் வந்தன. அதே கப்பலில்தான் செபராங் பிறைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களும் வந்தார்கள். இவர்களுக்குச் செய்தி சொன்னவர், ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி. ஆள் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. பக்கத்துத் தோட்டத்தில் கூலி கூட என்ற செய்தி அவர் காதுக்கு எட்டினால் ஆட்களிடம் சொல்வாரா? சொன்னால் அவருக்கல்லவா நட்டம்! ஒரே மொழி, ஒரே கப்பல். ஒருவருக்குச் செய்தியே மூலதனம், மற்றவருக்குச் செய்தி வரும் வாயிலில் ஆதாயக்காரர் ஒருவர் காவல். சிறுபான்மைச் சமூகம் என்று மொத்தமாகப் பேசும்போது இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

செய்தியை மறைத்தால் உயிரே போகும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது வந்தன. குண்டு விழும் என்று அறியாமல் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாண்டவர்கள் ஏராளம். அடுத்த சில நாட்களில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் இரவோடிரவாகப் படகேற்றப்பட்டார்கள்; பின்னர் படையும் அதிகாரிகளும் போனார்கள். தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தபோது ஆட்சியே ஊரில் இல்லை. அந்த நேரத்தில் ஊர்க்குழு ஒன்றைக் கூட்டி ஒழுங்கைக் காத்து, கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழர், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். இந்த ஊர் கைவிடப்பட்டது என்ற உண்மையை மக்கள் முன் வைக்க, ஒரு பத்திரிகைக்காரர்தான் அங்கே எஞ்சியிருந்தார்.

இப்படிப்பட்ட ஊரில் நம்மவர்கள் தாங்களே வழிகளை உண்டாக்கிக்கொண்டார்கள். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது முதலில் கால் வைத்தது பினாங்கில். அதன் பிறகு சீர்திருத்தச் சங்கங்களும் அவற்றோடு வாசகசாலைகளும் பல ஊர்களில் முளைத்தன. 1934இல் பினாங்கு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது தமிழும் அதில் ஒரு மொழி. முடிதிருத்தும் கடையிலும் சாப்பாட்டுக்கடை அஞ்சடி நடைபாதையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்ட வழக்கத்தை மூத்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்தறியாதவர் எத்தனை பேர் அப்படி உலகம் அறிந்தார்கள்! படித்துக் காட்டியவருக்கு அதில் ஒரு காசு ஆதாயமில்லை. அவர்தான் நம் முதல் நூலகர் என்று நான் கருதுகிறேன்.

அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் குடியிருப்பு ஆனது. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் அடுக்குமாடிகளில் சிதறினார்கள். தோட்டத்தில் பள்ளிக்கூடம், கோயில், மருந்தகம், கிராணி என்ற எழுத்தரின் அலுவலகம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. கெடுபிடி இருந்தாலும் கேட்க ஆள் இருந்தது. அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு ஒருவரும் இல்லை. ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரியோடு நின்றுபோனது. வானொலி இருக்கிறது; அது சொல்வதைக் கேட்கலாம், அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது.

இப்போது கைப்பேசி வந்திருக்கிறது. இதில் நாம் பெருமைப்பட வேண்டிய பங்கும் உண்டு. தமிழ் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழில் எழுதும் செல்லினத்தை 2005இல் கொண்டுவந்தார். அன்று அது நடக்காமல் இருந்தால் இன்று வாட்ஸ்அப் என்னும் புலனக் குழுக்களில் இவ்வளவு தமிழ் ஓடாது. ஆனால் ஓடுவது என்ன? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம் குழுக்களில் சுற்றிய செய்திகளை நினைத்துப் பாருங்கள். எந்தக் கஷாயம் குடித்தால் கிருமி சாகும் என்று நாளைக்கு நான்கு முறை வந்தது. அரசாங்க உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது கடைசி நாள் முடிந்த பிறகு வந்தது. அனுப்பியவர் யார் என்று தெரியும். எழுதியவர் யார் என்று தெரியாது. அதனாலேயே எவரும் பொறுப்பில்லை.

எல்ஃபிரிடா சாட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரை இங்கே நினைவுகூர வேண்டும். பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளர்கள், முதியோர் இல்லத்துப் பெண்கள் ஆகியோரிடையே இருந்து, அவர்கள் செய்தியை எப்படித் தேடுகிறார்கள் என்று 1980களிலும் 1990களிலும் ஆராய்ந்தவர் அவர். ஏழைகளிடம் செய்தி இல்லாததற்குக் காரணம் வெளியே செய்தி இல்லாதது மட்டுமல்ல என்று அவர் கண்டார். கேட்டால் தன் நிலை வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. தமக்கு நெருக்கமான சிறு வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் தாய்மார்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வாழும் தாய், முகம் தெரியாத அதிகாரியிடம் போய்ச் சொல்வாளா? உடைந்த மலாயில், வரிசையில் பத்துப் பேர் பின்னால் நிற்க? கட்சிக்காரரிடம் சொல்வாள், அவர் தேர்தல் வரை காத்திருக்கச் சொல்வார். தரகரிடம் சொல்வாள், இலவசமாகக் கிடைக்கும் படிவத்துக்கு அவர் பணம் கேட்பார்.

பொது நூலகத்தின் இடம் இங்கேதான் இருக்கிறது. நூலகருக்கு நம் ஓட்டு வேண்டாம், நம் பணம் வேண்டாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அறம். சாதி, சமயம், கட்சி, சங்கப் பொறுப்பு எதுவும் அந்த வாயிலில் செல்லாது. அரசாங்கத்தின் கட்டடங்களிலேயே, காரணம் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். யுனெஸ்கோ 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கையும் மொழிச் சிறுபான்மையினருக்குத் தனிச் சேவை தர வேண்டும் என்கிறது.  தாய்மொழியை அலுவல் காரணங்களுக்கு அல்லாமல் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, கொள்கையில் தடை ஏதும் இல்லை.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டும் சிலருக்காகத்தான் இருந்தது. ரப்பர் வணிகர் லீ கோங் சியான் 1953இல் புதிய நூலகத்துக்கு மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம் வெள்ளி கொடுக்க முன்வந்தபோது நிபந்தனை விதித்தார்: எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், நாட்டு மக்களின் தாய்மொழி நூல்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டடம் 1960இல் திறந்தது. இன்று அங்கே கிளை நூலகங்களில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. தமிழில் பேசி வழிகாட்டும் நூலகர்கள் இருக்கிறார்கள். அந்த நிபந்தனைதான் அடித்தளம். நம் கொடையாளர்கள் கோயில் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள், அது நல்லதே. நூலகத்துக்கு நிபந்தனையோடு கொடுத்த ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் மாநிலத்தில் பொது நூலகக் கழகம் 1973இல் சட்டப்படி அமைந்தது. தலைமை நூலகம் செபராங் ஜெயாவில். தீவில் 2016இல் மின்னூலகம் திறந்தார்கள். மாலையில் அங்கே எல்லா இனப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. இவற்றை நடத்துபவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். தமிழ் நாவல்கள் ஓர் அலமாரி இருப்பதோடு தமிழருக்கான சேவை முடிந்துவிடுமா? அலமாரி பேசாது. வாரத்தில் சில நாளாவது முகப்பில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பதிவிலாகா, சொக்சோ, சேமநிதி, சமூகநலத் துறை ஆகியவற்றின் நடைமுறைகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே ஒரு பக்கம், தேதியோடு, பிழை வந்தால் திருத்தும் பொறுப்பாளரின் பதவியோடு இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் புலனத்தில் அனுப்பட்டுமே! அப்போதாவது குழுக்களில் மெய்யான செய்தி சுற்றும்.

வர முடியாதவரிடம் நூலகம் போக வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் உண்டு, அவரைத் தேடுவது நூலகரின் வேலை என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். அன்று மாட்டுவண்டியால் முடிந்தது இன்று வேனால் முடியாதா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அன்னதானப் பந்தல்களுக்கு நடுவே நூலகத்தின் பந்தல் ஒன்று இருக்கலாமே. பட்டர்வொர்த், நிபோங் தெபால் பக்கத்து அடுக்குமாடிகளின் கீழே ஞாயிறு காலை அந்த வேன் நிற்கலாமே.

இங்கே இன்னொரு கூட்டத்தை மறக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவின் உணவகங்களில் பாத்திரம் கழுவும், பரோட்டா தட்டும் தம்பிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் குடிமக்கள் இல்லை, ஆனால் நம் மொழி பேசுகிறவர்கள். ஒருவரின் கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்கு முதலாளியே கங்காணி, அவரே தெரிந்த ஆள். நூறாண்டு கழித்து அதே கதை நம் கண் முன்னால், நம்மவர் கையாலேயே நடக்கிறது. நூலகத்தின் தமிழ்ப் பக்கம் அவர்களுக்கும் சேர வேண்டும். நேப்பாளியும் வங்காளியும் பேசுவோருக்கு அவரவர் மொழியில் சேர வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். நமக்கு மட்டும் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலிமை இல்லை.

இளைய தலைமுறைதான் மலாய் நன்றாகப் படிக்கிறதே, தமிழில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேசிய மொழியை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பேரப்பிள்ளை மலாயில் தேர்ச்சி பெறும்வரை பாட்டியின் மருந்துச்சீட்டு காத்திருக்காது. மேலும், நெஞ்சில் கனக்கும் ஒன்றைக் கேட்க மனிதர் தன் மொழியைத்தான் நாடுகிறார். நம்மவர்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்பது இன்னொரு குறை. அவர்களுக்கான ஆளும் பதிலும் அங்கே இருந்து, அதன் பிறகும் வரவில்லையென்றால் அந்தக் குறையை நான் ஏற்கிறேன்.

நம் பங்கும் இருக்கிறது. இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியர்களே, உங்கள் மாணவர் ஒவ்வொருவரையும் இந்த ஆண்டுக்குள் பொது நூலக உறுப்பினராக்குங்கள். பிள்ளையோடு தாயும் வரட்டும். கோயில் நிர்வாகத்தினரே, உங்கள் அறிவிப்புப் பலகையில் நூலகத்துக்கு ஓர் ஓரம் ஒதுக்குங்கள். வீட்டில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள், தோட்டத்துப் பதிவேடுகள், கப்பல் சீட்டுகள் வைத்திருப்பவர்கள் பழைய காகிதக்காரரிடம் போடுமுன் ஒரு நூலகரிடம் காட்டுங்கள். நூலகத்தில் நீங்கள் தேடியது தமிழில் கிடைக்கவில்லையென்றால் சும்மா திரும்பி வந்துவிடாதீர்கள்; எழுத்தில் கேளுங்கள், பெயர் போட்டு, தேதி போட்டு, மலாயிலும் தமிழிலும் கேளுங்கள். எழுத்தில் வராத தேவைக்கு எந்த அலுவலகமும் பணம் ஒதுக்காது.

நூலகத் துறையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது தமிழ் தெரிந்த நூலகருக்கு ஒரு பதவியைக் கேளுங்கள். தீவுக்கு ஒருவர், பெருநிலத்துக்கு ஒருவர். கொடுத்தால் அவர்களுக்கு வேலை போதாது என்ற நிலை வராது. அதற்கு நான் பொறுப்பு.